ஒரு செகண்ட் ஹேண்ட் டிரைவரும் ரெண்டு கேடிகளும்

முதலில் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். இங்கே டிரைவர் என்பது கார் ஓட்டுகிறவர் இல்லை. கோல்ஃப் ஆட்டத்தில் ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை ரொம்ப தூரம் அடிக்க எடுப்பார்களே, அந்த நீளமான, மண்டை பெருத்த மட்டைக்குத்தான் டிரைவர் என்று பெயர். அதே மாதிரி கேடி என்பது போலீஸ் ஸ்டேஷன் சுவரில் போட்டோவாகத் தொங்குகிற ஆசாமி இல்லை. ஆடுகிறவரின் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடக்கிறவர்.

இந்த ரெண்டாவது குழப்பம் எனக்கே ரொம்ப நாள் இருந்தது. என் பெரியப்பா, வீட்டுக்கு யார் வந்தாலும், "நான் ஊட்டியில பதினோரு வருஷம் கேடியா இருந்தவனாக்கும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். ஆறாவது படிக்கிற எனக்குத் தூக்கிவாரிப் போடும். நல்ல மனுஷன், சாமி கும்பிடுகிறவர், இதைப் போய் இப்படிப் பெருமையாகச் சொல்கிறாரே என்று!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்க ஊர் ஆனைகட்டி. கோயமுத்தூரிலிருந்து தடாகம் வழியாகப் போனால் வருமே, அதேதான். கொடுங்கரைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா. நாங்கள் அந்தப் பக்கம். பாலக்காடு ஜில்லா, அட்டப்பாடி. ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுச் சண்டை தமிழில். பெரியப்பா சின்ன வயசில் பிழைப்புக்காக ஊட்டிக்குப் போய், 1950-களில் அங்கே வெள்ளைக்கார எஸ்டேட் துரைகளுக்கு மட்டைப் பை தூக்கியிருக்கிறார். ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது கையில் கொடுத்துவிட்டுப் போன பழைய டிரைவர் ஒன்று அவரிடம் இருந்தது. மரத் தலை, இரும்புக் குழாய்த் தண்டு. அதை ஊருக்குக் கொண்டுவந்து கைத்தடியாக வைத்திருந்தார். தோல் பிடிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருப்பார். ராத்திரி தோட்டத்துக்குப் போகும்போது டார்ச்சும் அதுவும்தான் துணை.

"ஏனுங் பெரியப்பா, ஆனை வந்தா இதை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"தூக்கிப் போட்டுட்டு ஓடுவேன் சாமி."

நிற்க. இப்போது டர்பனுக்கு வருவோம். பேங்க் வேலை என்னைத் தென்னாப்பிரிக்காவில் கொண்டுவந்து போட்டதும், இங்கே சனிக்கிழமை என்றால் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கோல்ஃப் மைதானத்தில் இருப்பார்கள் என்பதும், நாற்பத்தொரு வயசில் நானும் மட்டை பிடித்ததும் தனிக் கதை. ஆனைகட்டிக்காரனுக்கு எதுக்குடா கோல்ஃப் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே பல தடவை கேட்டுக்கொண்டாயிற்று :)

மற்ற மட்டைகளையெல்லாம் ஒரு நண்பர் ஊரைக் காலி செய்யும்போது மொத்தமாகக் கொடுத்துவிட்டார். டிரைவர் மட்டும் இல்லை. பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் 4,500 ராண்டுக்கு ஒன்றைப் பார்த்தேன். பெரிய ஆட்டக்காரர் டிவியில் அடிக்கிற அதே மாடல். முகச் சாய்வு 8.5 டிகிரி, தண்டில் 'எக்ஸ்' என்று போட்டிருந்தது. எக்ஸ் என்றால் எக்ஸ்ட்ரா, நல்லதுதானே என்று வாங்கிவிட்டேன். (எக்ஸ் என்றால் வளையாத தண்டு. இரும்புக் கடப்பாரைக்குத் தம்பி.) மூன்று மாசம் அடித்தேன். பந்து முழங்கால் உயரத்தில் கிளம்பி, வலது பக்கம் வளைந்து, புதருக்குள் போய் உட்காரும். இன்னும் பலமாக அடித்தேன். இன்னும் உள்ளே போய் உட்கார்ந்தது. கடைசியில் இடுப்பு பிடித்துக்கொண்டு ரெண்டு வாரம் பேங்க்கில் நின்றுகொண்டே வேலை பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அங்கிள் பழக்கமானார். வயசு எண்பதுக்குப் பக்கம். நான் ஆடும் மைதானத்தின் பயிற்சித் திடல் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். டர்பனில் வயசில் மூத்த இந்தியர் எல்லாருமே அங்கிள்தான். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் இங்கே வந்து சேர்ந்தது, கரும்புத் தோட்டத்துக்கு முதல் கூலிகளோடு. அப்படி வந்தவர்களின் வழியில் இவர் நாலாவது தலைமுறை. தமிழில் மிச்சம் இருப்பது நாலைந்து வார்த்தை: தண்ணி, சோறு, ஆயா, வா, போ. பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான். சின்ன வயசில் அவரும் கேடி!

என் டிரைவரைக் கையில் வாங்கி, முகத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "இது யாருடைய வீச்சு?"

எனக்குப் புரியவில்லை. "என்னுடையதுதான் அங்கிள், காசு கொடுத்து வாங்கினேன்" என்றேன். "மட்டை உன்னுடையது. வீச்சு யாருடையது?"

அந்தக் கேள்விதான் என்னை இந்த மட்டையின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. டிரைவரின் கதையை வழக்கமாக மரம், இரும்பு, டைட்டானியம் என்று பொருளை வைத்துச் சொல்வார்கள். மட்டைக்காக மனுஷன் வளைந்தானா, மனுஷனுக்காக மட்டை வளைந்ததா என்று வைத்துப் பார்த்தால் அது வேறு கதையாக வருகிறது.

ஸ்காட்லாந்தில் ஆரம்ப காலத்தில் இதற்கு டிரைவர் என்ற பெயர் இல்லை, 'ப்ளே கிளப்' என்பார்கள். நீண்டு மெலிந்த மூக்கு மாதிரி தலை. பீச், ஆப்பிள், பேரி என்று கிடைத்த கெட்டி மரத்தில் செதுக்கி, பின்பக்கம் குடைந்து ஈயம் ஊற்றி, அடி விளிம்பில் ஆட்டுக் கொம்புத் துண்டு பதித்துச் செய்வார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஹியூ ஃபிலிப் என்ற தச்சர் இதில் பெயர் பெற்றவர். தையற்கடை மாதிரிதான். ஆள் போய் நிற்பான், அவன் உயரம், கை நீளம், அடிக்கிற வாட்டம் பார்த்து ஒன்று செய்து கொடுப்பார்கள். அன்றைக்கு அத்தனை மட்டையும் அளவெடுத்துத் தைத்ததுதான். காசுள்ளவனுக்கு, சொல்லத் தேவையில்லை.

பந்து அப்போது தோல் பைக்குள் வேகவைத்த வாத்து இறகைத் திணித்துச் செய்தது. 1848-ல் மலேயாக் காட்டு மரத்துப் பாலான கட்டாபெர்ச்சாவை உருட்டிச் செய்த பந்து வந்தது. இதற்கு ஒரு கதை சொல்வார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் இருந்த ஒரு பாதிரியார் வீட்டுக்குக் கிழக்கிலிருந்து ஒரு விஷ்ணு சிலை பார்சலில் வந்ததாம், உடையாமல் இருக்க அதைச் சுற்றி இந்தப் பால் கட்டியைத் திணித்திருந்தார்களாம், அவர் மகன் ராபர்ட் பேட்டர்சன் அதை உருக்கிப் பந்து பிடித்தாராம். பெருமாளுக்கும் கோல்ஃபுக்கும் இப்படி ஒரு சம்பந்தம்! புதுப் பந்து விலை மலிவு. ஆனால் கல்லு மாதிரி. பழைய மெல்லிய மூக்கு மட்டைகளெல்லாம் பிளந்துகொண்டன. தலை குட்டையாகவும் தடிமனாகவும் மாறியது. பிறகு ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கெல் பந்து 1898-ல் அமெரிக்காவில் பிறந்ததும், பெர்சிமன் என்ற அமெரிக்க மரம் டிரைவரின் தலையாகி, எண்பது வருஷம் நகரவில்லை. அது நம்மூர்க் கருங்காலியின் பங்காளி, அதே குடும்பம். கேடியும் கருங்காலியும் சேர்ந்தே நடந்திருக்கிறார்கள், பாருங்கள்.

தலையைவிடத் தண்டில் நடந்த மாற்றம்தான் பெரிசு என்பது என் கட்சி. ஹிக்கரி மரத் தண்டு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளையும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அதனால் ஆள் பார்த்துத்தான் மட்டை. இரும்புக் குழாய்த் தண்டை அமெரிக்கச் சங்கம் 1924-லும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பெரியவர்கள் 1929-லும் அனுமதித்தார்கள். அதோடு தொழிற்சாலை உள்ளே வந்தது. ஆயிரம் தண்டு, ஆயிரமும் ஒரே மாதிரி. எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று வளைவுக்கு எழுத்து. சட்டைக்கு ஸ்மால், மீடியம், லார்ஜ் வந்த மாதிரி. விலை குறைந்தது, நிறையப் பேர் ஆடினார்கள், எல்லாம் சரிதான். ஆனால் 'சராசரி ஆட்டக்காரன்' என்று ஒருத்தனைக் கற்பனை செய்து, அவன் அளவுக்கு மட்டை செய்தார்கள். அந்தச் சராசரி ஆள் நிச்சயமாக என் பெரியப்பா இல்லை. அவர் உயரம் அஞ்சடி ரெண்டங்குலம்.

இந்த ஆட்டம் நம்ம பக்கம் வந்தது ரொம்பப் பழைய சங்கதி. கல்கத்தாவில் 1829, பெங்களூரில் 1876, நுவரெலியாவில் 1889, கொடைக்கானலில் 1895. பிரிட்டனுக்கு வெளியே முதல் கிளப்பே கல்கத்தாதான். இத்தனை இடத்திலும் ஆடியவர்கள் ஒரு கூட்டம், பை தூக்கியவர்கள் ஒரு கூட்டம். பை தூக்கியவர்களுக்கு மட்டை எப்படிக் கிடைத்தது? உடைந்தது, வேண்டாம் என்று போட்டது, ஊருக்குப் போகும்போது கொடுத்தது. அதாவது அத்தனையும் செகண்ட் ஹேண்ட். துரையின் உயரத்துக்கு, துரையின் வீச்சுக்குப் பொருந்தியதை வைத்துக்கொண்டு, பையன்கள் தங்கள் வீச்சை அதற்கேற்ப வளைத்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களில் சிலர் எங்கேயோ போனார்கள். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பனை ஜெயித்தார், இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரில் முதல் ஆள். பெங்களூரில் பை தூக்கிய சி. முனியப்பா 2009-ல் அதே கோப்பையைத் தூக்கினார்.

ஆனால் டர்பனில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறவன் பப்வா செவ்கோலத்தைச் சொல்லாமல் போக முடியாது.

பப்வா இந்தியக் கூலிகளின் வழித்தோன்றல். ஏழைக் குடும்பம், எழுதப் படிக்கத் தெரியாது. சின்ன வயசில் மரக்கிளையை ஒடித்து மட்டையாக்கிப் பந்தடித்துப் பழகினார். அது சிரிங்கா மரம் என்று சொல்வார்கள், நம்மூர் மலைவேம்பு இனம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் பிடி தலைகீழாகிப் போனது. வலது கைக்காரர்கள் எல்லாரும் வலது கையைக் கீழே வைப்பார்கள். இவர் இடது கையைக் கீழே வைத்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பிடி. கேடியாக வேலை பார்த்தார். கிரஹாம் வுல்ஃப் என்ற டர்பன் வேதியியல் நிபுணர், ஆயில் ஆஃப் ஓலே கிரீமைக் கண்டுபிடித்தவர், இவர் ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோய் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். 1959-ல் டச்சு ஓப்பனை ஜெயித்தார். 1960-ல் மறுபடியும். 1964-ல் மூன்றாவது தடவை.

சொந்த ஊரில்? நிறவெறிச் சட்டம் இருந்த காலம். வெள்ளைக்காரர்கள் ஆடும் நேட்டால் ஓப்பனில் 1963-ல் தனி அனுமதி வாங்கி ஆடினார். இடம் டர்பன் கன்ட்ரி கிளப். நூறு வெள்ளைக்காரர்களுக்கு மேல் ஆடிய போட்டி. ஜெயித்தது பப்வா. கிளப் கட்டடத்துக்குள் இந்தியன் நுழையக் கூடாது என்பதால் மழையில் வெளியே நின்றுதான் கோப்பையை வாங்கினார். மற்றவர்கள் உள்ளே. அந்தப் படம் உலகம் பூராவும் போனது. 1965-ல் அதே நேட்டால் ஓப்பனில் கேரி ப்ளேயரையே தோற்கடித்தார். அதற்கப்புறம் அரசாங்கம் சும்மா விடுமா? போட்டிகளில் ஆட அனுமதி நின்றது, பாஸ்போர்ட் போனது. 1978-ல், ஐம்பது வயசு வாக்கில், ஏழையாகவே செத்தார். பிற்பாடு டர்பனில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

டர்பனில் வயசான இந்தியர் யாரைக் கேட்டாலும் அந்த மழையில் நானும் நின்றேன் என்பார்கள். அங்கிள் மட்டும், "நான் அங்கே இல்லை. அன்றைக்கு வேறொருத்தன் பையைத் தூக்கிக்கொண்டு வேறொரு மைதானத்தில் நனைந்துகொண்டிருந்தேன்" என்பார். அவரை நான் நம்புவதற்கு இது ஒரு காரணம்.

"பப்வாவுக்கு எந்த மட்டை கொடுத்தாலும் அடிப்பார் இல்லையா அங்கிள்?" என்று கேட்டேன். "அடிப்பார். அவர் பப்வா. நீ பேங்க் ஆபீசர்" என்றார். சுருக்கென்று இருந்தது. ஆனால் கணக்கு சரி. தினமும் பத்து மணி நேரம் மைதானத்தில் கிடக்கிற பையன் மட்டைக்கேற்ப வளைவான். வாரத்துக்கு ஒரு நாள் ஆடும் நாற்பது தாண்டிய தொப்பைக்காரனுக்கு மட்டைதான் வளைந்து கொடுக்கணும். அது முடியுமா என்பதில்தான் கடைசி நாற்பத்தைந்து வருஷ சரித்திரம் வருகிறது.

1979-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கேரி ஆடம்ஸ் என்ற விற்பனைப் பிரதிநிதி வீட்டின் பேரில் 24,000 டாலர் கடன் வாங்கி, உள்ளே வெற்றிடமான இரும்புத் தலை வைத்த டிரைவரைச் செய்ய ஆரம்பித்தார். டெய்லர்மேட் கம்பெனி அப்படிப் பிறந்தது. (கடன் கொடுத்த அந்த மேனேஜரை நினைத்துப் பார்க்கிறேன். மரத்தில் செய்ய வேண்டியதை இரும்பில் செய்கிறேன் என்று ஒருத்தர் என்னிடம் வந்திருந்தால் ரெண்டு ஜாமீன்தாரர் கேட்டிருப்பேன்.) ஆட்டக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். ஆனால் வெற்றுத் தலையில் எடையை விளிம்புக்குத் தள்ளலாம், அதனால் நடுவில் படாத அடியும் ஓரளவு நேராகப் போகும். கட்டை மரத்தில் இது நடக்காது. சராசரி ஆளுக்கு முதல் தடவையாக ஒரு சலுகை.

அடுத்து வந்தவர் ஈலி கேலவே. கோயமுத்தூர்க்காரர்களுக்கு இவரைப் பிடிக்கும், ஏனென்றால் மனுஷன் அடிப்படையில் ஜவுளிக்காரர். பர்லிங்டன் என்ற பெரிய ஜவுளிக் கம்பெனியின் தலைவராக இருந்து, 1973-ல் வெளியே வந்து, திராட்சைத் தோட்டம் போட்டு, அதன் பிறகு கோல்ஃப் மட்டைக்கு வந்தவர். 1991-ல் பிக் பெர்த்தா என்று முதல் உலகப் போர் பீரங்கியின் பெயரில் 190 சிசி தலையோடு ஒரு டிரைவர் விட்டார். 1995-ல் டைட்டானியத்தில் 250 சிசி. நடுவில் 1993-ல் பெர்ன்ஹார்ட் லாங்கர் மர டிரைவரை வைத்து மாஸ்டர்ஸ் ஜெயித்தார். பெரிய போட்டியில் பெர்சிமன் மரத்தின் கடைசி வெற்றி அது. பிறகு தலை வீங்கிக்கொண்டே போனது. 300, 360, 400... புல்லட் வண்டியே 350 சிசிதானே!

இங்கேதான் பழையது வாங்குகிறவன் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. தலை பெருக்கப் பெருக்க முகத்தகடு மெலிந்து, டிராம்போலின் மாதிரி பந்தை உந்தித் தள்ள ஆரம்பித்தது. சட்டம் போடுகிறவர்கள் பயந்துபோனார்கள். அமெரிக்கச் சங்கம் 1998-ல் உந்துதலுக்கு எல்லை வைத்தது. கணக்கு 0.83. தோராயமாகச் சொன்னால், நிலையாக வைத்த முகத்தில் பந்து நூறு வேகத்தில் மோதினால் எண்பத்து மூணுக்கு மேல் திரும்பக் கூடாது. தலை 460 சிசிக்கு மேல் போகக் கூடாது என்று 2004-ல் விதி வந்தது. 2008-லிருந்து உந்துதல் எல்லை உலகம் பூராவும் எல்லா ஆட்டக்காரருக்கும் ஒன்றாகிவிட்டது. அதே 2008-ல் இன்னொரு கதவைத் திறந்தார்கள். தண்டைக் கழற்றி மாட்டவும் சாய்வைத் திருகிக் கூட்டிக் குறைக்கவும் வசதியுள்ள தலைகளுக்கு அனுமதி. 2009-லிருந்து அப்படிப்பட்ட டிரைவர்கள் கடைக்கு வந்தன.

பி.காம். படித்தவன் இதை எப்படிப் படிப்பான்? தேய்மானக் கணக்காகத்தான். ஒரு சொத்தின் மதிப்பு ரெண்டு காரணத்தால் குறையும். ஒன்று, அதுவே தேய்வது. இன்னொன்று, அதைவிட நல்லது சந்தைக்கு வந்து அது பழசாகிப் போவது. 2008-க்கு முன் டிரைவரின் விலை குறைந்தது பெரும்பாலும் ரெண்டாவது காரணத்தால். நியாயமான குறைவு. ஆனால் கூரை போட்டாயிற்று. அதிகபட்ச உந்துதலும் அதிகபட்ச அளவும் பதினைந்து வருஷத்துக்கு மேலாக அதே இடத்தில் நிற்கின்றன. நடுவில் படாத அடியைக் காப்பாற்றுவதில் புது மாடல்கள் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் பட்ட அடியில் பழசுக்கும் புதுசுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கச் சட்டமே இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் விலை மட்டும் குறைந்துசெல் இருப்பு முறையில் வருஷா வருஷம் சரிகிறது. புது டிரைவர் எக்கச்சக்க விலைக்குப் போகிறது. பத்து வருஷப் பழசு அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. உலோகம் தேயவில்லை, ஃபேஷன்தான் தேய்ந்திருக்கிறது. இந்த மாதிரி சொத்து என் சர்வீஸில் அபூர்வம்.

அங்கிளும் நானும் சேர்ந்து அடுத்த டிரைவர் தேடினோம். முதலில் என் வீச்சின் வேகத்தை அளந்தோம், மணிக்கு 82 மைல். டிவியில் பார்க்கும் ஆட்களின் சராசரி 113-க்கு மேல். ஆக, அவர்கள் மட்டை எனக்கு ஆகாது. மெதுவாக வீசுகிறவனுக்குப் பந்தை மேலே தூக்கிவிடச் சாய்வு அதிகம் வேண்டும், தண்டு வளைந்து கொடுக்க வேண்டும். 8.5 டிகிரியும் எக்ஸ் தண்டும் எனக்கு எதிர்க்கட்சி. தண்டின் எழுத்தையும் அப்படியே நம்பக் கூடாதாம். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 'ஆர்' இன்னொரு கம்பெனியின் 'எஸ்' மாதிரி விறைக்கும். அடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. முகத்தில் பாதம் பூசுகிற பவுடர் ஸ்ப்ரேயை லேசாக அடித்துவிட்டுப் பந்தை அடித்தால், எங்கே பட்டது என்று வட்டமாகத் தெரிந்துவிடும். மலிவான வைத்தியம்.

பழசை எடுத்தால் அங்கிள் பார்க்கிற வரிசையே தனி. முகமும் மேல் ஓடும் சேரும் விளிம்பை நகத்தால் தடவுவார். விரிசல் அங்கேதான் தொடங்கும். காதோரம் வைத்து ஆட்டுவார். உள்ளே பசை உதிர்ந்து கலகலத்தால் அது சின்னக் குறை, தண்டு சேரும் கழுத்தில் ஆட்டம் இருந்தால் பெரிய குறை. தண்டை யாராவது நறுக்கியிருக்கிறார்களா என்று அளப்பார், ஏனென்றால் நறுக்கினால் விறைப்பு கூடும், தலையின் கனம் கையில் தெரிவது குறையும். திருகுகிற தலை என்றால் அதன் சாவியும் வேண்டும். ஒரு கம்பெனியின் தண்டு முனை இன்னொரு கம்பெனித் தலையில் ஏறாது. போலிகள் நிறைய நடமாடுவதால் கழுத்தில் வரிசை எண்ணைப் பார்ப்பார். எல்லாம் முடிந்து முகத்தைப் பார்ப்பார். பழைய ஆளின் அடி எங்கே பட்டிருக்கிறது? மேல் விளிம்பில் வடு இருந்தால் பந்துக்கு அடியில் புகுந்து அடித்தவன். முகம் முழுக்கச் சிதறியிருந்தால் அவனுக்கும் இந்த மட்டை பொருந்தவில்லை, அதனால்தான் விற்றிருக்கிறான்.

என் முதல் டிரைவரை அன்றைக்கு அவர் தடவிப் பார்த்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. அதில் அடையாளமெல்லாம் நட்ட நடுவில் ஒரு காசு அளவுக்குள். அதற்கு முன் அதை வைத்திருந்தவன் நிஜமாகவே வேகமாக வீசுகிற ஆட்டக்காரன். வீச்சு அவனுடையது.

கடைசியில் அகப்பட்டது 12 டிகிரி, 'ஏ' தண்டு, திருகுகிற தலை, பத்து வருஷத்துக்கு மேல் பழசு. 1,400 ராண்ட். சாய்வை ஒரு படி கூட்டினோம். அப்படிக் கூட்டினால் முகமும் கொஞ்சம் இடப்பக்கம் மூடிக்கொள்ளும், என் வலப்பக்க வியாதிக்கு அது மருந்து. நீளம் நாற்பத்தைந்தரை அங்குலம். நறுக்க வேண்டாம், ஒன்றரை அங்குலம் கீழே இறக்கிப் பிடி என்றார். பெர்சிமன் காலத்து டிரைவர்களே நாற்பத்து மூணு அங்குலம்தான், தூரம் காட்டி விற்பதற்காகத்தான் நீளத்தைக் கூட்டினார்கள் என்பது அவர் வாதம். முன்பு 160 கஜம் பறந்து புதரில் விழுந்தது இப்போது 185 பறந்து புல்லில் விழுகிறது. எப்போதும் இல்லை. பத்துக்கு ஆறு.

போன வருஷம் லீவில் ஆனைகட்டி போனபோது பரணிலிருந்து பெரியப்பாவின் தடியை இறக்கினேன். அவர் காலமாகி வருஷமாச்சு. டேப் வைத்து அளந்தேன், நாற்பத்து மூன்றரை அங்குலம். அஞ்சடி ரெண்டங்குல ஆளுக்கு ரொம்பவே நீளம். முகத்தைத் துடைத்துப் பார்த்தால் ரெண்டு இடத்தில் தேய்மானம். ஒன்று நுனிப் பக்கம், இன்னொன்று நடுவில். நடுவில் இருப்பது யாருடையது என்பதில் எனக்கு ஒரு ஆசை உண்டு. துரையும் இல்லை, பெரியப்பாவும் இல்லை, சாட்சி சொல்ல.

போட்டோ எடுத்து அங்கிளுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. தலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பிடிக்குக் கீழே கறுப்பாக என்ன அது?"

"சைக்கிள் டியூப் அங்கிள். கைத்தடியாகப் பிடிக்க வசதிக்குச் சுத்தியிருக்கார்."

"கைத்தடிக்கு எவனாவது ரெண்டு கை வைக்கிற நீளத்துக்குச் சுத்துவானா? இறக்கிப் பிடித்து ஆடியிருக்கிறான். இரும்பு வழுக்கும், அதற்குத்தான் டியூப்" என்றார். அப்புறம், "எத்தனை அங்குலம் கீழே? அளந்து சொல்" என்றார்.

அளந்தேன். தோல் பிடியின் மேல் நுனியிலிருந்து டியூபின் நடுப்பகுதி வரை பன்னிரண்டு அங்குலம். வாசலில் நின்று அந்த இடத்தில் ரெண்டு கையையும் வைத்துக் குனிந்து பார்த்தேன். எனக்கு ரொம்பவே குட்டை, முதுகு வலித்தது. பக்கத்து வீட்டு அக்கா, "ஏனுங் தம்பி, பாம்பா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார்கள்.